அடுத்தவர் கை உப்பு

உலகத்தில் நம்பக்கூடிய கைகள் இரண்டே இரண்டு, அந்த இரண்டும் தன் தோளில்தான் இருக்கின்றன என்பது அன்ரியின் அசையாத கொள்கை. சமையலில் மட்டும்தான் இந்தக் கொள்கை. மற்ற விஷயங்களில் அவரைப்போல ஏமாளி கிடையாது. கதவைத் தட்டிய எவனோ ஒருவனை நம்பி, வெயிலே விழாத கூரைப் பக்கத்துக்குச் சூரியத் தகடு பூட்டியவர். ஆனால் உப்பு என்று வந்துவிட்டால் கடவுளே சட்டியில் போட்டிருந்தாலும் ஒரு தடவை நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் விடுவார்.

அன்ரி எங்களுக்குச் சொந்தமும் இல்லை, தமிழும் இல்லை. ருமேனியாக்காரர். ஹில்ஸ்பரோ என்ற புறநகரில் நாங்கள் வீடு வாங்கிக் குடிவந்தபோது வேலிக்கு அந்தப் பக்கம் கணவரோடு இருந்தார். வயதில் மூத்த பெண் என்றால் அன்ரி என்று கூப்பிடுவது எங்கள் பழக்கம். முதல் நாளே அப்படிக் கூப்பிட்டுவிட்டேன். "நான் எப்ப உன்ர தாய்க்குத் தங்கச்சியானன்?" என்று கேட்டார். ஒரு கிழமை கழித்து அவரே போன் எடுத்து "அன்ரி கதைக்கிறன்" என்று தொடங்கினார். எங்களுக்குள் இங்கிலீஷ்தான் பேச்சு. இருவருடைய இங்கிலீஷும் கொஞ்சம் நொண்டும். ஆனால் இப்போது நினைத்துப் பார்த்தால் அவர் என் தலைக்குள் சுத்தமான யாழ்ப்பாணத் தமிழில்தான் கதைக்கிறார். நானும் அப்படியே எழுதுகிறேன்.

எங்கள் அறிமுகம் ஒரு நாற்றத்தில் தொடங்கியது. குடிவந்த வருடம் குளிர் தொடங்கும் நேரத்தில் வீட்டைச் சுற்றி என்னவோ புளித்து மணத்தது. என் கணவர் அன்ரன் எலெக்ட்ரீஷியன். வீட்டில் என்ன பழுது வந்தாலும் அது தன் தொழில் இல்லை என்று நிரூபிப்பதுதான் அவருடைய முதல் வேலை. மலக்குழாய் வெடித்துவிட்டது என்று தீர்ப்புச் சொல்லி பிளம்பரைக் கூப்பிட்டார். பிளம்பர் வீட்டுக்கு அடியில் தவழ்ந்து போய் ஒன்றும் காணாமல் வெளியே வந்தார். வேலிப் பக்கம் மூக்கை நீட்டினார். பிறகு சிரித்துக்கொண்டு போய்விட்டார்.

நான் போய்க் கேட்டேன். அன்ரி கராஜைத் திறந்தார். கார் நிற்க வேண்டிய இடத்தில் நெஞ்சளவு நீலப் பீப்பாய். உள்ளே முழு முழு முட்டைக்கோவாக்கள் உப்புத் தண்ணீரில் மூழ்கிக் கிடந்தன, மேலே ஒரு கருங்கல். கார் வெளியே மழையில் நனைந்துகொண்டிருந்தது. ஒரு இலையைக் கிழித்து, நான் வாயைத் திறக்கமுன்னமே வாய்க்குள் திணித்தார்.

"எங்கட ஊறுகாய் மாதிரி இருக்கு" என்றேன்.

"இல்லை" என்றார். அவ்வளவுதான்.

எங்கள் ஆட்களுக்கு ஒரு வியாதி இருக்கிறது. எந்த நாட்டுச் சாப்பாட்டைத் தந்தாலும் இது எங்கட இன்னது மாதிரி என்று சொல்லாமல் விழுங்கமாட்டோம். எனக்கு அது கொஞ்சம் முற்றிய நிலை. சோளமாவைக் கொதிதண்ணீரில் போட்டுக் கைமுறியக் கிண்டி, பலகையில் கவிழ்த்து அவர் செய்யும் மமலீகாவைப் பார்த்து "எங்கட களி மாதிரி" என்றேன். அன்ரி ஒரு நூலை எடுத்து இரண்டு கைகளாலும் இழுத்துப் பிடித்து, அந்த மஞ்சள் குவியலை அடியிலிருந்து மேலே அறுத்தார். சோப்புக் கட்டி மாதிரி வழவழவென்று துண்டு விழுந்தது.

"நீங்கள் களியை நூலாலயோ வெட்டுறனீங்கள்?"

"இல்லை, அன்ரி."

"அப்ப மாதிரி இல்லை."

அந்தப் புளித்த கோவா இலையில்தான் சர்மாலே செய்வார். அரைத்த பன்றி இறைச்சி, கொஞ்சம் அரிசி, வதக்கிய வெங்காயம், சதகுப்பைக் கீரை. எல்லாம் பிசைந்து இலையில் வைத்துச் சின்னச் சின்னச் சுருட்டாகச் சுருட்டி, இடையிடையே புகையில் வாட்டிய இறைச்சித் துண்டு செருகி, மண் சட்டியில் அடுக்கி, காலையில் அடுப்பில் ஏற்றினால் மத்தியானம் தாண்டித்தான் இறங்கும். ஒருநாள் நானும் சுருட்டுகிறேன் என்று கெஞ்சினேன். பெரிய மனது பண்ணி இலையைத் தந்தார். ஒரு தட்டு நிறையச் சுருட்டினேன். எனக்கே என்னை நினைத்துப் பெருமையாக இருந்தது. அன்ரி ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது சாப்பாடோ, காயப்பட்டுக் கட்டுப்போட்ட விரலோ?"

பிறகு என் கண்முன்னாலேயே ஒவ்வொன்றாகப் பிரித்துத் திரும்பச் சுருட்டினார். அவருடைய கணவர் மூலையில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார். அவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், சாது. இத்தனை வருடக் கல்யாண வாழ்க்கையில் தான் ஒரு முட்டைகூட அவித்ததில்லை என்று என்னிடம் ரகசியமாகச் சொன்னார். அன்ரி விடவில்லையாம்.

வெளியிடங்களுக்குப் போனாலும் கைப்பையில் ஒரு சின்னக் கத்தியும், மாத்திரைப் போத்தலில் உப்பும் கூடவே போகும். எங்கள் மகள் தேவாலயத்தில் முதல் நன்மை வாங்கிய கொண்டாட்டத்துக்கு அப்படித்தான் வந்தார். அன்று ஆட்டிறைச்சிக் கறி வைத்தது அன்ரனின் அக்கா, பாலத்துக்கு அந்தப் பக்கம் கிளென்ஃபீல்டில் இருக்கும் என் மச்சாள். மச்சாளின் கறியைப் பற்றி எங்கள் தேவாலயப் பங்கில் யாரும் குறையாக வாய் திறப்பதில்லை. அன்ரி நேரே அடுப்படிக்குப் போனார், மூடியைத் தூக்கினார், அகப்பையால் ருசி பார்த்தார், போத்தலைத் திறந்து உப்பைத் தூவிக் கிண்டிவிட்டு மூடிவிட்டார். மச்சாள் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆரடி இந்த வெள்ளைக்காரி?" என்று என்னிடம் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

இதில் பெரிய அநியாயம் என்னவென்றால், கறிக்கு உண்மையாகவே உப்புக் காணாமல்தான் இருந்தது. பந்தியில் எல்லோரும் மச்சாளைப் பாராட்டினார்கள். உப்புப் போட்டதைக்கூட மன்னித்திருப்பார், அந்தப் பாராட்டைத்தான் மச்சாளால் மன்னிக்க முடியவில்லை.

தன் ஊர்க்காரரோடும் அன்ரிக்கு இதே கதைதான். அவர்களுடைய கோயிலில் பெண்கள் சேர்ந்து சமைத்த ஒரு நாளில் யாரோ சர்மாலேயில் தக்காளிக் குழம்பை அள்ளி ஊற்றிவிட்டாராம். அன்ரி அதை என்னவோ சொல்லித் திட்டியிருக்கிறார். என்னவென்று எனக்கு மொழிபெயர்க்க மறுத்துவிட்டார். அன்றிலிருந்து கோயிலுக்குப் போவார், மெழுகுதிரி கொளுத்துவார், அடுப்படிப் பக்கம் திரும்பாமல் வந்துவிடுவார்.

அவருடைய கணவர் திடீரென்று செத்துப்போனார். பிரிஸ்பேனிலிருந்து மகன் வந்தார். நல்ல பிள்ளை. அதுதான் பிரச்சினையும். அம்மா அழுது களைத்திருக்கிறார், அடுப்படியில் நிற்கக் கூடாது என்று எல்லாவற்றையும் ஓடர் பண்ணிவிட்டார். அடக்கம் முடிந்து வந்தால், மேசையில் கரை வெட்டிய முக்கோண சான்ட்விச், வெள்ளைப் பாணுக்குள் அஸ்பராகஸ் தண்டைச் சுருட்டிய குளிர்ந்த ரோல், தேத்தண்ணி. இந்த ஊரில் செத்தவீட்டுக்கு அதுதான் வழக்கம். அன்ரி ஒரு சான்ட்விச்சைப் பிரித்துப் பார்த்தார். உள்ளே வெள்ளரிக்காய் இரண்டு துண்டு கிடந்தது.

"இதோட அவர் எப்பிடிப் போவார்?" என்று என்னிடம் கேட்டார்.

எனக்கு விளங்கவில்லை. பிறகுதான் சொன்னார். அவர்கள் ஊரில் செத்தவர் பேரில் நாலு பேருக்கு என்ன கொடுக்கிறோமோ, அது அந்தப் பக்கம் போய்ச் செத்தவருக்குச் சேருமாம். அதற்குப் பேர் பொமானா. சும்மா கொடுத்தாலும் போதாது. வாங்குகிறவர் மனசோடு வாங்க வேண்டும். தாங்ஸ் சொல்லக் கூடாது. 'போக்தாப்ரோஸ்தே' என்று சொல்ல வேண்டும், கடவுள் செத்தவரை மன்னிக்கட்டும் என்று அர்த்தம். வேண்டாவெறுப்பாகத் தின்ற சாப்பாடு நடுவழியில் நின்றுவிடுமாம். ஆகவே அன்ரியின் கணக்குப்படி, அவருடைய மனுஷன் அந்தப் பக்கம் ஒரு வெள்ளரிக்காய் சான்ட்விச்சைக் கையில் வைத்துக்கொண்டு முழித்துக்கொண்டிருக்கிறார்.

நாற்பதாம் நாள் அன்ரி சமைத்து எங்களுக்குக் கொடுத்து அதைச் சரிக்கட்டினார். ஆனால் வேறொரு பயம் அவரைப் பிடித்துக்கொண்டது. வேலிக்கு மேலால் கதைக்கும்போதெல்லாம் அந்தப் பயத்திலேயே வந்து நின்றார்.

"எனக்கு ஆர் செய்வினம்? அவனோ? அவன் போனில விரலால அமத்தி எனக்கும் முக்கோணம் எடுப்பிப்பான். நான் அங்க போய் எந்தக் காலமும் வெள்ளரிக்காய் திண்டுகொண்டு இருக்கிறதோ?"

"நான் செய்வன், அன்ரி" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீயோ? கட்டுப்போட்ட விரல்" என்றார்.

ஒருநாள் காலையில் முகம் பூரித்துப்போய் வந்தார். வழி கிடைத்துவிட்டது. புதிதாகக் கண்டுபிடித்தது அல்ல, அவர்கள் கிராமத்துப் பக்கம் உள்ள வழக்கம்தானாம். பின்னால் செய்ய ஆளில்லாதவர்களும், இருக்கிற ஆளில் நம்பிக்கை இல்லாதவர்களும் உயிரோடு இருக்கும்போதே தங்களுடைய பொமானாவைத் தாங்களே கொடுத்துவிடலாமாம். தன் செத்தவீட்டுச் சாப்பாட்டைத் தானே சமைத்து, தானே உப்புப் பார்த்து, தானே பரிமாறலாம். இந்த வழக்கத்தை யார் தொடங்கிவைத்திருந்தாலும், அன்ரியை மனதில் வைத்துத்தான் தொடங்கியிருக்க வேண்டும்.

கோயில் பெண்களைக் கூப்பிட மாட்டேன் என்றுவிட்டார். "அவை குறை சொல்லிச் சொல்லித் தின்னுவினம். எனக்கு ஒண்டும் வந்து சேராது." எனவே ஆள் பிடிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. முதலில் மச்சாளுக்கு போன் எடுத்தேன்.

"ஆர் செத்தது?"

"ஒருத்தரும் இல்லை, மச்சாள்."

"அப்ப எதுக்குச் செத்தவீடு?"

"அன்ரி தன்ர செத்தவீட்டை இப்பவே செய்யிறா. பிறகு மற்றவை செய்தாப் பிழைச்சுப்போகுமாம்."

மச்சாள் கோபத்தில் போனை வைத்துவிடப்போகிறார் என்று நினைத்தேன்.

"வெள்ளைச் சீலையோ, கலரோ?" என்று கேட்டார்.

தெருமுனையில் டெய்ரி என்ற சில்லறைக் கடை வைத்திருக்கும் கவுண்டருக்கும் சொன்னேன். அவர் ஃபிஜியிலிருந்து வந்தவர். அவருடைய பாட்டன் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குப் போன குடும்பம். தமிழ் மாமா, மாமியோடு நிற்கும், மிச்சமெல்லாம் இங்கிலீஷ்தான். அவருடைய ஒரே கவலை, பொமானா சனிக்கிழமை, அன்று அவர் இறைச்சி சாப்பிடமாட்டார் என்பது. அன்ரி அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டார். அவர்களுடைய விரத நாட்களுக்கு என்றே இறைச்சி இல்லாத சர்மாலே இருக்கிறதாம், காளானும் அரிசியும் வைத்து. "செத்தவளுக்கு விரத நாளிலயும் பசிக்கும்தானே" என்றார்.

அந்தச் சனிக்கிழமை வெயில் நன்றாக இருந்தது. அன்ரி விடிய எழும்பிக் கோயிலில் பாணையும் கோதுமையையும் ஆசீர்வதிப்பித்துக் கொண்டுவந்துவிட்டார். அவித்த கோதுமையில் சீனியும் அக்ரூட் பருப்பும் எலுமிச்சைத் தோலும் போட்ட இனிப்பு அது. செத்தவருக்கு மட்டும் செய்வது. உயிரோடு இருப்பவரின் பொமானாவுக்கு அதை வைக்கலாமா என்று அவர் ஊரிலேயே சண்டை பிடிப்பார்களாம். அன்ரி வைத்துவிட்டார். "பிறகு ஆர் வைக்கிறது?"

பின்வளவில் நீள மேசை. தவிட்டைப் புளிக்கவைத்து எடுத்த தண்ணீரில் காய்ச்சிய சோர்பா என்ற சூப், ஆவி பறக்கும் சர்மாலே இரண்டு சட்டி, பலகையில் மமலீகா, பக்கத்தில் நூல். ஒவ்வொருவர் கதிரையிலும் ஒரு கோப்பை, ஒரு துவாய், ஒரு மெழுகுதிரி. அவற்றைக் கொடுப்பதும் முறையாம். எங்கள் பங்கு ஆட்கள் ஒரு கூட்டம் வந்திருந்தார்கள். அன்ரி கறுப்புச் சட்டை போட்டு, செத்தவரும் செத்தவீட்டுக்காரரும் தானே என்ற பெருமையோடு ஒவ்வொருவராகக் கோப்பையைக் கொடுத்துக்கொண்டு வந்தார். கவுண்டர் பழக்கதோஷத்தில் "தாங்ஸ்" என்றுவிட்டார். அன்ரி கோப்பையைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டார். அந்த மனுஷன் வேர்த்து விறுவிறுத்துச் சரியான வார்த்தையைச் சொன்ன பிறகுதான் கோப்பை கிடைத்தது. மச்சாள் மட்டும் முதல் தடவையே தெளிவாகச் சொன்னார். பாலம் தாண்டி வரும் வழியெல்லாம் காருக்குள் பாடமாக்கியிருக்கிறார்.

மச்சாள் கைப்பைக்குள் பேப்பரில் சுற்றிய ஒரு சரை உப்பும் கொண்டுவந்திருந்தார். எனக்குத் தெரியும், வரும்போதே காட்டினார். சோர்பாவை ஒரு கரண்டி குடித்தார். சர்மாலேயை வெட்டி வாயில் வைத்தார். நான் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னொன்று வாங்கிச் சாப்பிட்டார். கைப்பையைத் திறக்கவே இல்லை.

அன்ரி இரண்டாம் சட்டியை எடுத்துவர உள்ளே போன நேரத்தில் மச்சாள் எழும்பி எல்லோருக்கும் கேட்கும்படி ஆனால் மெதுவாகச் சொன்னார். "செத்தவீடு எண்டால் செத்தவீடுதான். ஒருத்தரும் சொல்லிக்கொண்டு வெளிக்கிடக் கூடாது. பேசாமல் வாங்கோ."

எங்கள் முறை அது. எங்கே போனாலும் போட்டு வாறம் என்று சொல்லித்தான் வெளிக்கிடுவோம். சாவு நடந்த வீட்டில் மட்டும் சொல்லமாட்டோம். அங்கே திரும்ப வாறம் என்று சொன்னால், இன்னொரு சாவுக்கு வாறம் என்று ஆகிவிடும். எல்லோரும் கோப்பையையும் துவாயையும் எடுத்துக்கொண்டு பக்கக் கேற்றால் ஒவ்வொருவராக நழுவினார்கள். மச்சாள் என் முழங்கையைப் பிடித்து என்னையும் கொண்டுபோய்விட்டார். எங்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் கவுண்டரிடமிருந்து போன். செத்தவீட்டுக்குப் போனால் குளித்துவிட்டுத்தான் கடை திறக்க வேண்டும், செத்தவர் உயிரோடு இருந்தாலும் குளிக்க வேண்டுமா என்று கேட்டார். குளித்துவிடுங்கள் என்றேன்.

பாத்திரம் கழுவ உதவலாம் என்று திரும்பிப் போனேன். அன்ரி வெறும் கதிரைகளுக்கு நடுவில் இருந்தார். மடியில் இரண்டாம் சட்டி, மூடி திறக்காமல்.

"எழும்பிப் போட்டினம்" என்றார். "ஒரு சொல்லுச் சொல்லேல்லை. ஒருத்தராவது நல்லா இருக்கெண்டு சொல்லேல்லை."

"அன்ரி..."

"பழுது. எல்லாம் பழுது. விருப்பமில்லாமல் திண்டிருக்கினம். ஒண்டும் போய்ச் சேராது, பிள்ளை." ஒரு சர்மாலேயை எடுத்து என்னிடம் நீட்டினார். "நீ ருசி பாத்துச் சொல்லு. உப்புக் கூடிப்போச்சோ?"

அத்தனை வருடத்தில் அன்ரி இன்னொருவரிடம் உப்புச் சரியோ என்று கேட்டதை அன்றுதான் பார்த்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. வாய் நிறையச் சர்மாலேயோடு அழுதுகொண்டே, எங்கள் ஊர் முறையைச் சொன்னேன். பிடிக்காமல் போகவில்லை, செத்தவீடு என்பதால்தான் சொல்லாமல் போனார்கள் என்று சொன்னேன்.

அன்ரி மடியிலிருந்த சட்டியை நேராக்கி வைத்தார்.

"அப்ப அவை நான் செத்தது உண்மை எண்டு எடுத்தினமோ?"

"ஓம், அன்ரி."

"எல்லாரும்?"

"கவுண்டர் இப்ப குளிச்சுக்கொண்டு நிக்கிறார்."

முதலில் தோள்கள்தான் குலுங்கின. பிறகு சட்டியைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் வரச் சிரித்தார். வெள்ளைக்காரர் யாராவது வந்திருந்தால் கட்டிப்பிடித்து, தாங்ஸ் சொல்லி, அருமையான பார்ட்டி என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள், பொமானா அதோடு பழுதாகிப் போயிருக்கும் என்றார். "உன்ர மச்சாள் நல்ல மனுஷி" என்றும் சொன்னார். அதை இன்றுவரை மச்சாளுக்கு நான் சொல்லவில்லை, தலைக்கு மேல் ஏறிவிடும்.

பாத்திரமெல்லாம் கழுவி முடித்தபின் அன்ரி என்னைக் கேற்றுப் பக்கம் தள்ளினார். "இப்ப நீயும் அப்பிடியே போ. ஒண்டும் சொல்லாதை. அதோட எல்லாம் சரி."

போனேன். கேற்றைத் திறந்தேன். திரும்பிப் பார்த்திருக்கக் கூடாது. கறுப்புச் சட்டையோடு, துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு, நான் ஒழுங்காகப் போகிறேனா என்று கண்ணை இடுக்கிப் பார்த்துக்கொண்டு நின்றார். என்னால் முடியவில்லை.

"போட்டு வாறன், அன்ரி."

"பழுதாக்கிப்போட்டாய்!" தெரு முழுக்கக் கேட்டிருக்கும். "விசரி! இனி எல்லாத்தையும் முதலில இருந்து சமைக்க வேணும்! ஆர் சமைக்கிறது? நீயோ?"

அடுத்த வருடம் திரும்பச் சமைத்தார். மச்சாள் ஆட்களைச் சேர்த்தார், கவுண்டர் குளித்தார், எல்லோரும் பேசாமல் போனார்கள், நான் கேற்றடியில் நின்று கெடுத்தேன். அதற்கடுத்த வருடமும் அப்படியே. நான் கெடுப்பேன் என்று அவருக்குத் தெரியும். ஏசுவதற்கு என்றே கேற்றைப் பார்த்துக்கொண்டு நிற்பார் என்று எனக்கும் தெரியும்.

போன குளிரில் அன்ரி உண்மையாகவே போய்விட்டார். அடக்கத்தன்று மேசையில் என்ன சாப்பாடு இருந்தது என்று நான் எழுதப்போவதில்லை. அவர் தன் பங்கை நல்ல உப்போடு ஏற்கெனவே அனுப்பிவைத்துவிட்டார். எங்கள் ஆட்கள் வந்தார்கள், கும்பிட்டார்கள், முறைப்படி ஒருவருக்கும் ஒன்றும் சொல்லாமல் வெளியே நடந்தார்கள். நான் மட்டும் திரும்பிப் பெட்டிக்குக் கிட்டப் போனேன்.

"போட்டு வாறன், அன்ரி" என்று எல்லோருக்கும் கேட்கச் சத்தமாகச் சொன்னேன். மச்சாள் ஓடிவந்து என் கையைப் பிடிக்கும்வரை, ஏச்சு விழட்டும் என்று அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.